ரீச்சா, அரைவா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதைச் சொல்வது

மாட்டுத்தாவணியில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டு "ரீச் ஆயிட்டேன்" என்கிறோம். தமிழ்ப் பேச்சில் அது பிழையில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் ரீச், அரைவ் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் படி: சேர்ந்த இடத்தைச் சொல்லப் போகிறீர்களா என்று பாருங்கள். ரீச் என்றால் எதை அடைந்தோம் என்பது கூடவே வர வேண்டும்: "ஐ ரீச்ட் மதுரை." வெறும் "ஐ ரீச்ட்" நம்மூர் ஆங்கிலத்தில் பழகிவிட்டது, தேர்வுத்தாளில் எழுத வேண்டாம். இடத்தைச் சொல்லவில்லையா, அரைவ் போடுங்கள்: "தி டிரெயின் ஹேஸ் அரைவ்ட்."

இரண்டாம் படியில்தான் நம்மில் பலர் வழுக்குகிறோம். "மதுரைக்கு வந்து சேர்ந்தேன்" என்று மனதில் ஓடுவதால், அந்தக் "க்கு" ஆங்கிலத்தில் "டு" ஆகி ஒட்டிக்கொள்கிறது. "ரீச்ட் டு மதுரை", "அரைவ்ட் டு மதுரை" இரண்டுமே தவறு. ரீச்சுக்கு அடுத்து இடத்தின் பெயர் நேராக வரும், நடுவில் டு, இன், அட் எதுவும் வேண்டாம். அரைவுக்குப் பின் ஊரோ நாடோ வந்தால் "இன்". ஸ்டேஷன், கோயில், மண்டபம் போன்ற இடம் வந்தால் "அட்".

சித்திரைத் திருவிழாவை வைத்துச் சொல்லிப் பாருங்கள், மறக்காது. அழகர்கோயிலிலிருந்து புறப்படும் கள்ளழகர் "அரைவ்ஸ் இன் மதுரை". தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வரும்போது "அரைவ்ஸ் அட் தி டெம்பிள்". ஆற்றில் இறங்க வரும்போது "ரீச்சஸ் தி வைகை".

வீடு ஒரு விலக்கு. "ரீச்ட் ஹோம்", "அரைவ்ட் ஹோம்" இரண்டும் சரி. இன், அட் எதுவும் வேண்டாம்.

மூன்றாம் படி, அளவுகள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். அதை எழுத ரீச் மட்டுமே பொருந்தும்: "தி வாட்டர் லெவல் ரீச்ட் 66 ஃபீட்." வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் அப்படித்தான். போனில் ஒருவரைப் பிடிப்பதும் ரீச்தான்: "ஐ குடின்ட் ரீச் ஹிம்." முடிவுக்கு வருவதை மட்டும் "ரீச்ட் எ டிசிஷன்", "அரைவ்ட் அட் எ டிசிஷன்" என்று இரண்டு விதமாகவும் எழுதலாம்.

இப்போது உங்கள் முறை. "உசிலம்பட்டியில் ஏறினேன், ஒன்பது மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தேன்." இதன் பின்பாதியை ரீச் வைத்து ஒன்று, அரைவ் வைத்து ஒன்று எழுதுங்கள். முதலாவதில் ஆரப்பாளையத்துக்கு முன்னால் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவதில் "அட்" இருக்க வேண்டும்.