மரத்தில் வாழும் டரான்டுலாவுக்கு இரை கொடுப்பது எப்படி: காரைக்குடி வீட்டிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

காரைக்குடியில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், வெயில் நேரே படாத ஓர் அலமாரியில், மூன்றாண்டுகளாக ஓர் அவிகுலேரியா அவிகுலேரியா வளர்ந்து வருகிறது. தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில், மரங்களின் மேல் வலைக்குழாய் கட்டி வாழும், டரான்டுலா எனப்படும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுள் ஒரு வகை இது. வாங்கி வந்தபோது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாக, இளஞ்சிவப்பு உடலும் கறுத்த கால்நுனிகளுமாக இருந்தது. இப்போது உடல் கறுத்து, கால்நுனிகள் மட்டும் இளஞ்சிவப்பாகி, உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

உயரமான பெட்டி, செங்குத்தாக நிறுத்திய மரப்பட்டை, பக்கங்களில் காற்றுத்துளைகள் ஆகியவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று கொண்டு, இரை கொடுப்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுக் காடுகளில் உள்ள பொசிலோதீரியா மரச்சிலந்திகளைப் பிடித்து வளர்க்காதீர்கள். இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத அந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

படி 1: இரையைத் தேர்ந்தெடுத்தல்

இயற்கை ஓவியர் மரியா சிபில்லா மெரியன் தென் அமெரிக்காவின் சுரினாமில் கண்டவற்றை வரைந்து 1705இல் வெளியிட்ட படங்களுள் ஒன்றில், இத்தகைய சிலந்தி ஒரு ரீங்காரச் சிட்டைத் தின்றுகொண்டிருக்கும். 1758இல் உயிரியல் அறிஞர் லின்னேயஸ் இதற்கு வைத்த அவிகுலேரியா என்ற பெயரும் சிறு பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. அதைக் கேள்விப்பட்டுக் கோழிக்குஞ்சையோ பல்லியையோ போட நினைக்க வேண்டாம். வாழ்நாள் முழுவதும் பூச்சிகளே போதும்.

கிரிக்கெட் என்று விற்கப்படும் சுவர்க்கோழிதான் என் தேர்வு. இரைக்காகவே வளர்த்து விற்கப்படும் டூபியா கரப்பான் நாற்றமின்றி நெடுநாள் உயிரோடிருக்கும் என்பது உண்மை. ஆனால் அது பெட்டிக்குள் விழுந்தவுடன் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும், மேலே இருக்கும் சிலந்திக்கு அது கிடைக்கவே கிடைக்காது. சுவர்க்கோழியோ மரப்பட்டையில் தானாகவே ஏறிப் போகும். கத்திரி வெயிலில் சுவர்க்கோழிகள் கொத்தாகச் செத்துப்போகும் என்பதால், அந்த நாட்களில் மட்டும் மீல்வார்ம் புழுவுக்கு மாறிவிடுகிறேன். புழுவை மண்ணில் போடாமல், தண்ணீர்ப் பாட்டில் மூடி ஒன்றை வலைக்குழாயின் வாய்க்கு அருகே உயரத்தில் ஒட்டி, அதற்குள் வைக்க வேண்டும்.

அடுப்படியில் ஓடும் கரப்பானையும் வயலில் பிடித்த வெட்டுக்கிளியையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவற்றின் உடலில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. வாங்கிய சுவர்க்கோழிக்கு ஒரு நாள் முன்னதாக நன்கு கழுவிய கேரட்டையும் கீரையையும் தின்னக் கொடுங்கள். அதன் வயிற்றில் உள்ளதுதான் சிலந்திக்கும் போய்ச் சேரும்.

படி 2: அளவும் இடைவெளியும்

சிலந்தியின் வயிற்றுப்பகுதியைவிடப் பெரிய இரை வேண்டாம். குஞ்சுக்கு வாரத்திற்கு இருமுறையும், நடுத்தர வயதினதற்கு வாரம் ஒருமுறையும், முழுதாக வளர்ந்ததற்குப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறையும் கொடுத்தால் போதும். வயிறு பந்துபோல் உப்பியிருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள். அந்த நிலையில் உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து இறந்துவிடக்கூடும்.

படி 3: நேரமும் இடமும்

முதல் சில வாரங்கள் கல்லூரிக்குக் கிளம்பும் முன் காலையில் இரையைப் போட்டுவிட்டுப் போவேன்; மாலையில் வந்து பார்த்தால் அது அப்படியே கிடக்கும். இதைக் கவனித்துக்கொண்டிருந்த அப்பத்தாதான், "ஏம்ப்பா, அது வெளக்கு வச்ச பெறகுதான வெளியவே வருது, பகல்ல போட்டா எப்பிடித் திங்கும்?" என்று கேட்டார்கள். அன்று முதல் விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்து, அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இடுக்கியால் சுவர்க்கோழியைப் பின்னங்காலில் பிடித்து, குழாயின் வாயிலிருந்து இரண்டு அங்குலம் கீழே மரப்பட்டையில் விடுங்கள். இடுக்கி 12 அங்குலத்திற்குக் குறையக் கூடாது. உலோக இடுக்கியின் மேல் சிலந்தி பாய்ந்து கடித்தால் அதன் நச்சுப்பல் முறியலாம் என்பதால், மூங்கில் இடுக்கியையே வாங்குங்கள். சுவர்க்கோழி நகராமல் நின்றுவிட்டால், ஒரு நீண்ட தென்னை ஈர்க்கால் அதன் பின்புறத்தை மெல்லத் தொடுங்கள். அது நான்கு அடி எடுத்துவைத்ததும் வலை இழைகள் அதிரும். குழாயின் வாயில் முதலில் இரண்டு இளஞ்சிவப்புக் கால்நுனிகள் மட்டும் தோன்றி, அசையாமல் நின்று, பிறகு ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்விக்கொண்டு உள்ளே மறையும்.

படி 4: உண்ண மறுக்கும்போது

நான் தவறிய இடம் இதுதான். முதல் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் இரண்டு வாரம் எதையும் தொடாமல் இருந்தது. பசித்தால் தின்னட்டும் என்று இரண்டு சுவர்க்கோழிகளை உள்ளேயே விட்டுவைத்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தபோது வலைக்குழாய் ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளே சிலந்தி மல்லாந்து கிடந்து தோலுரித்துக்கொண்டிருக்க, ஒரு சுவர்க்கோழி அதன் வலப்பக்கத்து மூன்றாம் காலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. தோலுரிக்கும் சிலந்தியின் உடல் மாவுபோல் மென்மையாக இருக்கும். அதனால் எதிர்த்து நிற்க இயலாது. அந்தக் கால் போய்விட்டது. அடுத்த தோலுரிப்பில் மெலிந்த சிறு காலாக முளைத்து, அதற்கடுத்த தோலுரிப்பில்தான் மற்றவற்றோடு ஒத்த அளவுக்கு வந்தது. அந்த மாதங்களில் அது மரப்பட்டையில் தடுமாறி ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்தது.

ஆகவே தோலுரிப்புக்கு முன் வரும் இந்த அறிகுறிகளை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரையை மறுக்கும், நிறம் மங்கும், வயிறு கறுக்கும், குழாயின் வாயை அடர்ந்த வலையால் மூடிக்கொள்ளும். வாய் மூடிய நாளிலிருந்து உயிருள்ள இரை எதுவும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. அறிகுறியே இல்லாத நாட்களிலும், தின்னாத இரையை மறுநாள் காலைக்குள் எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் ஒளியும் சுவர்க்கோழியைப் பிடிக்க ஒரு துண்டு முட்டை அட்டையை மண்ணில் கவிழ்த்துவையுங்கள். அது அதனடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும், அட்டையோடு தூக்கிவிடலாம்.

தோலுரித்த பிறகும் அவசரம் வேண்டாம். சிலந்தி கண்ணாடியில் ஏறி நிற்கும்போது கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நச்சுப்பற்கள் முதலில் வெண்மையாகவும், பிறகு சிவப்பாகவும், கடைசியில் கறுப்பாகவும் தெரியும். கறுத்த பின்னரே இரை கொடுக்க வேண்டும். குஞ்சுகளுக்கு ஏறத்தாழ ஒரு வாரமும், பெரியவற்றுக்கு இரண்டு வாரமும் ஆகும்.

படி 5: தண்ணீரும் துப்புரவும்

உண்ணாத நாட்களிலும் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, வலையின் ஓரத்தில் மட்டும் சில துளிகள் தெளியுங்கள். சிலந்தியின் மேல் தெளிக்காதீர்கள். நம் ஊர் வறட்சிக்கு அஞ்சிப் பெட்டி முழுவதையும் நனைத்துக் காற்றை அடைத்துவிடுவது வறட்சியைவிட விரைவாக இதைக் கொன்றுவிடும். சித்திரை, வைகாசியில் பெட்டியை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு, குளிர்ந்திருக்கும் ஆத்தங்குடிக் கல் தரைக்கு அருகே, இறக்கி வைக்கிறேன். தின்று முடித்து உருட்டிப் போட்ட எச்சத்தை மறுநாளே எடுத்துவிடாவிட்டால் பூஞ்சையும் ஈயும் வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த தேவகோட்டை நண்பர் ஒருவர், எச்சத்தைத் தேடி வந்த எறும்புகளைத் தடுக்க அலமாரியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டு, தம் சிலந்தியை இழந்துவிட்டார். அந்தச் சாக்பீஸிலும், கொசுவர்த்தியிலும், மின்சாரக் கொசுவிரட்டியிலும் பொதுவாக இருப்பவை பைரித்ராய்டு வகை நஞ்சுகள். எறும்பையும் கொசுவையும் கொல்லும் அவை சிலந்தியையும் கொல்லும். எறும்புக்கு நம் பழைய அடுப்படி வழியே போதும். பலகார அலமாரிக்குச் செய்வதுபோல, நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி, அலமாரி சுவரைத் தொடாதபடி நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். கிண்ணத் தண்ணீரில் கொசுப்புழு வளராமலிருக்க, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.