முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்க்கும் முன்: ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் பார்ப்பவை

நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அம்மா அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிற தெருக்காரர்கள் என்னையும் கூட்டிப்போகிறார்கள். உள்ளே நுழைந்ததும் மேலாளர் சுவரில் மாட்டிய சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைக் காட்டுவார். அதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு இந்த மாடியில் எத்தனை பேர் டியூட்டி என்பதுதான் என் முதல் கேள்வி.

அதை மேலாளரிடம் கேட்காதீர்கள், ஆயாம்மாவிடம் கேளுங்கள். மேலாளர் நாலு பேர் என்பார். ஆயாம்மா "நானும் இன்னொரு பொண்ணும்தான் சார், வாட்ச்மேன் கீழே இருப்பாரு" என்பார். எழுந்து நடக்க முடியாத பதினைந்து பேரை இரண்டு பெண்களால் படியில் இறக்க முடியாது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் நிச்சயம் முடியாது. ஆகவே இந்த மாதிரிக் கட்டடத்தில் முதல் வேலை கீழே இறக்குவதல்ல. அதே மாடியில் புகை இல்லாத பக்கத்துக்கு நகர்த்துவது. அதற்கு மாடியை இரண்டாகப் பிரிக்கும் சுவரும், தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவும் வேண்டும். கதவு இருந்தாலும், காற்று வரட்டும் என்று தண்ணீர் கேனை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார்கள். கேனை நகர்த்திவிட்டு, கதவு தானாகப் போய் முழுசாகச் சாத்துகிறதா என்று பாருங்கள்.

பிறகு ஒரு காலிக் கட்டிலை அந்தக் கதவு வரை உருட்டச் சொல்லுங்கள். 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவுக்குக் குறைந்தது 1 மீட்டர் அகலம் கேட்கிறது. வீடாகக் கட்டி இல்லமாக மாற்றிய இடங்களில் அறைக்கதவு மூன்றடி, அதிலும் நிலைச்சட்டம் போனால் இன்னும் குறைவு. ஆஸ்பத்திரிக் கட்டில் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அப்படியானால் ஆளைத் தரையோடு இழுத்துப் போவதுதான் வழி. கெட்டியான போர்வையைத் தரையில் விரித்து, ஆளை அதில் இறக்கி, தலைப்பக்கத்துப் போர்வையைச் சுருட்டிப் பிடித்து, தலையைக் கொஞ்சம் தூக்கினாற்போல், பின்னால் நடந்தபடி இழுக்க வேண்டும். மொசைக் தரையில் ஒருவரே இழுத்துவிடலாம். இதைச் செய்து பழகியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசியாக வெளியேறுபவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு வர வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பல்ல, புகை. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் தீப்பிடித்தது அடித்தளத்தில். வாகனம் நிறுத்த வேண்டிய இடத்தில் சாமான்களைக் குவித்திருந்தார்கள். புகை மேல்மாடிகளுக்கு ஏறி, சுமார் 90 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள் உண்டு. எனவே படிக்கட்டின் அடியில் எட்டிப் பாருங்கள். பழைய மெத்தை, இன்வெர்ட்டர் பேட்டரி, கேஸ் சிலிண்டர் மூன்றும் சேர்ந்து அங்கே குடியிருக்கும். அந்தப் படி எரியும்போது இறங்க இன்னொரு படி வேண்டும், கட்டடத்தின் மறுகோடியில்.

அடுத்தது பூட்டு. மறதி நோய் உள்ளவர்கள் வெளியே போய்விடுவார்கள் என்று ராத்திரியில் இரும்பு கேட்டை இழுத்துப் பூட்டுவார்கள், சாவி மேலாளர் மேசைக்குள் போய்விடும். அவர்கள் கவலை நியாயம்தான். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகையில் 28 பேர் கருகியது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால். சாவி இரவுப்பணி ஆயாம்மாவின் இடுப்பில் இருக்க வேண்டும், ஒரு மாற்றுச் சாவி கதவருகே கண்ணாடிப் பெட்டியில். மின்காந்தப் பூட்டு என்றால் கரண்ட் போனதும் திறந்துகொள்ளும் வகைதானா என்று பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் கம்பியில் ஒன்றாவது கீல் வைத்துத் திறக்கும்படி இருக்கட்டும்.

தீ பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை. ஏசிக்குத் தனி லைன் இல்லாமல் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகியிருந்தால் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மேலே பேச வேண்டாம். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும் (ஆக்சிஜன் கருவி ஓடும் லைனில் இந்தச் சோதனை கூடாது). பஞ்சு மெத்தைக்குக் கீழே கொசுவர்த்திச் சுருள், ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் சாமி விளக்கு: இந்த இரண்டையும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாட்டியின் விளக்கை யாராலும் நிறுத்த முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். கூடத்தில் ஒரு பொதுப் பூஜை மாடம், ஆள் பார்வையில் எரியும் விளக்கு என்று வைத்துவிட்டால் அவரும் ஒத்துக்கொள்வார்.

இப்போது அந்தச் சிவப்பு சிலிண்டர். அழுத்தம் காட்டும் முள் பச்சைக்குள் இருக்கிறதா, நிரப்பிய தேதி ஒட்டியிருக்கிறதா, அவ்வளவுதான். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள்ளே கிடையாது, எடைபோட்டுத்தான் தெரியும்.

தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்டால் ஃபிரேம் போட்டுக் காட்டுவார்கள். தேதியோடு, அதில் எத்தனை மாடி என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். பிறகு மொட்டைமாடிக்கு ஏறுங்கள். தகர ஷெட் போட்டு எட்டுக் கட்டில் கிடந்தால், சான்று கொடுத்தபோது அது இருந்திருக்காது.

எல்லாம் சரியாக உள்ள இல்லம் அபூர்வம். பூட்டு, இரண்டாவது படி, இரவு ஆட்கள் ஆகிய மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து, சொல்லாமல், இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். நடக்க முடியாதவர் என்றால் தரைத்தளத்தில், வாசலுக்குப் பக்கத்துப் படுக்கையாகக் கேளுங்கள். வாடகை சற்றுக் கூடும். கொடுத்துவிடுங்கள்.