நியூயார்க் யூத டெலியில் ஏமாறாமல் சாப்பிடுவது எப்படி?

யூத டெலி எனும் இறைச்சிச் சாண்ட்விச் கடைக்கு முதல்முறை போய் வந்தவர்களின் பேச்சு பாதிப் பாராட்டும் பாதிப் புலம்பலுமாக இருக்கும். பஸ்ட்ராமி எனும் புகையூட்டிய மாட்டுக்கறி வாயில் கரைந்தது, சூப் சப்பென்று இருந்தது. ஊறுகாய் அபாரம், உருளைக்கிழங்கு அடை எண்ணெய் குடித்திருந்தது. இதெல்லாம் ஒரே கடையில், ஒரே மேசையில் நடக்கும். காரணம் எளிது. மெனுவில் நூறு ஐட்டம் எழுதியிருந்தாலும் கடை ஓடுவது நாலைந்தில்தான். காலையிலிருந்து ராத்திரி வரை விற்றுத் தீர்ந்துகொண்டே இருப்பது எதுவோ அதுதான் நன்றாக இருக்கும். மற்றவை, கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லாமல் இருப்பதற்காக வைத்திருப்பவை.

எந்த மாதிரிக் கடை?

பாதி ஏமாற்றம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. கோஷர் எனும் யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேரக்கூடாது. அதனால் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் நியூயார்க்கில் இரண்டு விதமான கடைகள் வைத்தார்கள். டெலி என்றால் இறைச்சி. ‘அப்பெடைசிங்’ கடை என்றால் மீனும் க்ரீம் சீஸும். புகையூட்டிய சால்மன் மீனும் பேகல் எனும் வளைய ரொட்டியும் வேண்டுமென்றால் 1914இல் தொடங்கிய ரஸ் அண்ட் டாட்டர்ஸ் போன்ற அப்பெடைசிங் கடைக்குத்தான் போக வேண்டும். டெலியில் உட்கார்ந்துகொண்டு பேகல் கேட்டு, அது ரப்பர் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுப் பயனில்லை.

டெலியிலும் இரண்டு வகை உண்டு. 1888 முதல் நடக்கும் கட்ஸ், ஹூஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. அது கோஷர் இல்லை, ‘கோஷர் பாணி’; அதாவது பதார்த்தங்கள் அதே மாதிரி, விதிகள் மட்டும் கிடையாது. அங்கே ரூபன் கிடைக்கும்: கார்ன்ட் பீஃப், ஸ்விஸ் சீஸ், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ரஷ்யன் டிரெஸ்ஸிங் எல்லாம் வைத்துச் சூடாக்கிய சாண்ட்விச். செகண்ட் அவென்யூ டெலி கோஷர் கடை. அங்கே சீஸ் கேட்டால் வராது, காப்பிக்குப் பாலும் வராது, பால் கலக்காத க்ரீமர்தான். இது தெரியாமல் போய் ‘காப்பி கேவலம்’ என்று மதிப்பெண்ணைக் குறைப்பவர்கள் நிறைய. இன்னொன்று: 1954இல் செகண்ட் அவென்யூவில் தொடங்கிய அந்தக் கடை இப்போது அந்தத் தெருவிலேயே இல்லை, கிழக்கு 33ஆம் தெருவில் இருக்கிறது. பெயரை நம்பி ரயிலில் செகண்ட் அவென்யூ நிறுத்தத்தில் இறங்கினால் வந்து சேர்வது கட்ஸ் பக்கம்தான்! பழைய பயண நூல்கள் புகழும் ஸ்டேஜ் டெலி 2012இலும் கார்னெகி டெலி 2016 கடைசியிலும் மூடப்பட்டுவிட்டன.

இறைச்சி: இங்கேதான் கவனம் வேண்டும்

கார்ன்ட் பீஃப் என்பது மாட்டின் நெஞ்சுக்கறியை மசாலா போட்ட உப்புநீரில் பல நாள் ஊறவைத்து, பிறகு வேகவைத்தது. இலங்கையிலும் மலேசியாவிலும் டின்னில் வரும் உதிரிக் கறிக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒற்றுமை. பஸ்ட்ராமிக்குப் பழைய வழக்கப்படி மாட்டின் அடிவயிற்றுப் பகுதி. அதையும் உப்புநீரில் ஊறவைத்து, மேலே கொரகொரப்பாக உடைத்த மிளகும் மல்லியும் அப்பி, புகையூட்டி, கடைசியில் ஆவியில் வேகவைப்பார்கள்.

அந்தக் கடைசி ஆவிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மணிக்கணக்கில் ஆவியில் இருந்தால் கறிக்குள் இருக்கும் விறைப்பான சவ்வு இளகி ஜெலட்டினாகிவிடும். ஆனால் அவ்வளவு நேரம் வைத்தால் எடை குறையும், விற்பனைக்குக் கிடைப்பது குறையும். அதனால் சில கடைகள் ஆவியைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு, இறுக்கம் தெரியாதபடி மெஷினில் காகிதம் போல மெல்லிசாகச் சீவுகின்றன. நன்றாக வெந்த கறி மெஷினில் போட்டால் நொறுங்கிவிடும், கையால்தான் வெட்ட முடியும். ஆகவே உட்காருவதற்கு முன் கவுண்டரைப் பாருங்கள். முழுத் துண்டு ஆவி பறக்க வெளியே வந்து, நீளக் கத்தியால், நாருக்குக் குறுக்கே, பென்சில் பாதித் தடிமனுக்கு வெட்டுப்படுகிறதா? தைரியமாக உட்காருங்கள். முன்கூட்டியே சீவி அடுக்கிய குவியலிலிருந்து இடுக்கியால் எடுக்கிறார்களா? சூப்பும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

ஆர்டர் கொடுக்கும்போது ‘லீன்’ என்று சொல்லாதீர்கள். உடம்புக்கு நல்லதென்று கொழுப்பில்லாத துண்டு கேட்பவர்களுக்குக் கிடைப்பது உலர்ந்த, தொண்டையில் அடைக்கும் கறி. ‘ஜூஸி’ என்றால் கொழுப்பு ஓரமும் சேர்ந்து வரும். அது பயமாக இருந்தால் ‘மீடியம்’ என்று சொல்லுங்கள், அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

கட்ஸ் கவுண்டரில் நடைமுறை

உள்ளே நுழைந்ததும் ஆளுக்கு ஒரு சீட்டு கையில் தருவார்கள். வாங்குவதையெல்லாம் அதில் குறித்து, வெளியே போகும்போது கணக்குப் பார்ப்பார்கள். எதுவுமே வாங்காவிட்டாலும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தொலைத்தால் 50 டாலர் அபராதம். குடும்பமாகப் போனால் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதச் சொல்லிவிட்டு, மற்றச் சீட்டுகளைக் குழந்தைகளிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கறி வெட்டுபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை. உள்பக்கம் தள்ளி இருக்கும் வரிசை பெரும்பாலும் குட்டையாக இருக்கும், பலர் வாசல் பக்கத்து வரிசையிலேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் முறை வந்ததும் வெட்டுபவர் ஒரு துண்டை ருசி பார்க்கக் கொடுப்பது வழக்கம். அதற்காகத்தான் டிப்ஸ் டப்பாவில் ஒன்றிரண்டு டாலர் போடுகிறார்கள். அந்தத் துண்டை மென்றுவிட்டுப் பேசுங்கள். இறுக்கமாக இருந்தால் அப்போதே “கொஞ்சம் கொழுப்போடு” என்று கேட்டால் வேறு துண்டை எடுப்பார்கள். பாதி சாண்ட்விச் தின்ற பிறகு வந்து சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். குடிபானமும் வறுவலும் வேறு கவுண்டர். சனி, ஞாயிறு மதிய வேளையைத் தவிர்த்துவிட்டு, வார நாளில் மூன்று மணிக்கு மேல் போனால் நெரிசல் குறைவு.

ஒரு சாண்ட்விச் விலை 25 டாலரைத் தாண்டும், அதற்கு மேல் 8.875 சதவீத வரி. ஆனால் பெரிய கடைகளில் உள்ளே அரை பவுண்டுக்குக் குறையாமல் கறி இருக்கும். இரண்டு பேருக்கு ஒரு சாண்ட்விச், ஒரு சூப் தாராளம். சில கடைகள் பகிர்ந்து சாப்பிடுவதற்குத் தனிக் கட்டணம் போடும், மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ரொட்டி, கடுகு, ஊறுகாய்

ரொட்டி என்றால் ரை எனும் தானியத்தில் செய்ததுதான். வெள்ளை ரொட்டியும் மயோனைசும் கேட்டால் சிரிப்பார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், ருசியும் கெடும். கொழுப்புக் கறிக்கு எதிராக நிற்பது காரமான பழுப்புக் கடுகுதான். மெல்லிய ரை ரொட்டி கறியின் சாற்றில் ஊறிப் பத்து நிமிஷத்தில் பிய்ந்துவிடும். கூடுதலாக இரண்டு துண்டு ரொட்டி வாங்கி, கறியைப் பிரித்து இரண்டு சாண்ட்விச்சாக்கிச் சாப்பிடுவதுதான் தெரிந்தவர்கள் செய்வது.

ஊறுகாயில் ‘ஹாஃப் சவர்’, ‘ஃபுல் சவர்’ என்று இரண்டு. வெள்ளரியை வினிகர் இல்லாமல் உப்புநீரிலும் பூண்டிலும் புளிக்கவைத்தது. சில நாள் மட்டும் ஊறி இன்னும் பச்சையாக, மொறுமொறுவென்று இருப்பது ஹாஃப் சவர். நன்றாகப் புளித்து நிறம் மங்கியது ஃபுல் சவர். கார்ன்ட் பீஃப் உப்பாக இருந்தால் இதைக் குறைத்துக்கொண்டு முட்டைக்கோஸ் சாலட் பக்கம் போங்கள்.

மாட்ஸா உருண்டை சூப்

மாட்ஸா என்பது புளிக்கவைக்காத யூத ரொட்டி, அதைப் பொடித்த மாவில் பிடித்த உருண்டை இது. சப்பென்று இருக்கிறது என்ற புகார் இந்த சூப்புக்குத்தான் அதிகம். கோழிச்சாறு, காரட், டில் கீரை, அவ்வளவே. காரம் இருக்காது, இருக்கவும் கூடாது. மேசையில் உப்பும் மிளகும் எதற்கு? போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது உருண்டையை. கரண்டியால் அழுத்தினால் வெட்டுப்பட்டு, நடுவிலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் மஞ்சளாக, கெட்டியாக ஒரு கரு தெரிந்தால் அது வேகவில்லை, திருப்பி அனுப்பலாம். மொத்தமாகவே கெட்டியாக இருந்தால் அது பிழை இல்லை. மிதக்கும் பஞ்சு உருண்டையா, மூழ்கும் கெட்டி உருண்டையா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் நடக்கும் சண்டை.

வீட்டில் செய்வதென்றால் ஒரு கப் மாட்ஸா மாவு, நான்கு முட்டை, கால் கப் கோழிக் கொழுப்பு அல்லது எண்ணெய், கால் கப் கோழிச்சாறு, ஒரு டீஸ்பூன் உப்பு. கலந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரக்கையால் எலுமிச்சை அளவு உருட்டி, உப்புப் போட்ட கொதிநீரில் இட்டு, மூடி, தணலைக் குறைத்து 35 நிமிஷம். நடுவில் மூடியைத் திறந்தால் ஆவி போய் உள்ளே வேகாது. கைவலிக்க அழுத்தி உருட்டினால் கல்லாகிவிடும்.

லாட்கே எனும் உருளைக்கிழங்கு அடையை, “இப்போது பொரித்ததா?” என்று கேட்டுவிட்டு மட்டும் வாங்குங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு

வான்கோழிப் பஸ்ட்ராமி பல கடைகளில் உண்டு. அதில் கொழுப்பு குறைவு என்பதால் கட்டாயம் சுடச்சுட, கையால் வெட்டியதாக வேண்டும். சைவர்கள் கவனிக்க வேண்டியது ஷ்மால்ட்ஸ் எனும் கோழிக் கொழுப்பு. உருளைக்கிழங்கு பதார்த்தங்களில்கூட அது ஒளிந்திருக்கும். கேட்காமல் வாங்காதீர்கள். ‘பார்வெ’ என்று எழுதியிருந்தால் இறைச்சியும் பாலும் இல்லை என்று பொருள், ஆனால் முட்டையும் மீனும் இருக்கலாம். இவர்களுக்கு டெலியைவிட கோஷர் பால் உணவகமே நிம்மதி, அங்கே இறைச்சி சமையலறைக்குள்ளேயே வராது. கட்ஸிலிருந்து சில நிமிஷ நடையில், அதே ஹூஸ்டன் தெருவில், 1910 முதல் இருக்கும் யோனா ஷிம்மல் கடையில் உருளைக்கிழங்கு நிஷ் (மசியல் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம்) கிடைக்கும். உள்ளங்கை நிறைய, கனமாக இருக்கும். ஒன்று போதும்.

வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால்

சாண்ட்விச்சாகக் கட்டி எடுத்துப் போகாதீர்கள். வெட்டாத துண்டாக எடை போட்டு வாங்கி, ரொட்டியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் கொழுப்பு உருகி ஓடிக் கறி தோலாகிவிடும். இட்லிப் பானை இதற்கு அருமையாகப் பொருந்தும். தட்டில் கறியை வைத்து, தண்ணீர் மேலே தொடாதபடி மூடி, ஒரு கிலோ துண்டானால் ஒன்றரை மணி நேரம் மிதமான தீயில் ஆவி காட்டுங்கள். அரை மணிக்கொருமுறை தண்ணீர் வற்றுகிறதா என்று பாருங்கள். முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் தயார். ஏற்கெனவே வெட்டிய துண்டுகள் என்றால் ஐந்தாறு நிமிஷம் போதும். சாப்பிடும் அளவுக்கு மட்டும் அவ்வப்போது வெட்டுங்கள், மீதியைப் பானையிலேயே விட்டு வையுங்கள்.