கார் இன்ஜின் மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர் என்று நாமே கண்டுபிடிக்கும் வழி

பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்குகிறதா? ஏசி போட்டால் நடுக்கம் கூடுகிறதா? மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இல்லாமல் வண்டி திணறுகிறதா? கூடவே மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கும் எரிந்தால் பெரும்பாலும் மிஸ்ஸிங்தான், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகிறது. என் 2014 ஸ்விஃப்ட் பெட்ரோலில் இது வந்தபோது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர்கூடப் போட்டுப் பார்க்காமல், நாலு பிளக், நாலு காயில் (பிளக்கில் பொறி வர மின்சாரம் தருவது), இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் கிளீனிங் எல்லாம் சேர்த்து ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள். கடைசியில் கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு காயில். எந்த சிலிண்டர் என்று தெரியாமல் ஒரு பார்ட்டும் வாங்காதீர்கள், இதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன். பானெட் திறப்பது, ஆயில் லெவல் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்ஜினைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

ஸ்விஃப்டில் இருக்கும் கே12 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 1197 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. சிலிண்டரின் விட்டம், அதாவது போர், 73 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், ஸ்ட்ரோக், 71.5 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் வைத்து உருளையின் கன அளவைப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 299 சிசிக்குக் கொஞ்சம் மேலே வரும், நான்கால் பெருக்கினால் 1197. உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்களை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள், அந்த எண்கள் அதற்கப்புறம் மிரட்டாது.

நமக்கு உண்மையில் வேண்டிய எண் வேறு. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-3-4-2. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும், அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 1600 வெடிப்பு. அதில் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் நான்கில் ஒன்று போச்சு, அந்த இடைவெளியைத்தான் உங்கள் கை ஸ்டியரிங்கில் உணர்கிறது. ஸ்பீடு ஏற ஏற இடைவெளி சின்னதாகிவிடுவதால் நைஸ் ரோட்டில் போகும்போது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதை நம்பிச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

பழைய வேகன்ஆர், ஆல்டோ கே10 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: உங்களுடைய 998 சிசி இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர்தான், ஐடிலிங்கில் கொஞ்சம் உதறல் அதன் பிறவிக் குணம்.

முதல் படி: உண்மையிலேயே மிஸ்ஸிங்தானா?

இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போனாலும் வண்டி உதறும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை ஐடிலிங்கில் விட்டுப் பின்னால் போய் சைலன்சர் சத்தத்தைக் கேளுங்கள். சீராக வந்தால் மவுண்டைச் சந்தேகப்படுங்கள், நடுநடுவே 'புப்' என்று தடுக்கினால் மிஸ்ஸிங்.

இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் கோளாறு பதிவாகியிருக்கிறது, பொறுமையாகப் பார்க்கலாம். விளக்கு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் அப்படியே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். காயில் செலவும் கன்வர்ட்டர் செலவும் ஒரே ரகம் இல்லை.

இரண்டாம் படி: ஸ்கேனர்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் இடம்) இருக்கும், ஸ்கேனரை அதில் செருக வேண்டும். ப்ளூடூத் டாங்கிள் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, நடுவில் நடுவில் கனெக்‌ஷன் போகும், ஆப் விளம்பரம் காட்டும். கையில் பிடிக்கும் ஒயர் வைத்த கோட் ரீடர்தான் என் சிபாரிசு. எஸ்.பி. ரோட்டிலும் ஜே.சி. ரோட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

பி0301 என்ற கோட் வந்தால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படி பி0304 வரை. பி0300 என்றால் ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது, அது வேறு கதை, கீழே வருகிறேன். கோட் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடனே அழித்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எது மூன்றாவது சிலிண்டர்?

எனக்கு வந்தது பி0303. சரி, பானெட்டைத் திறந்தால் நான்கு காயில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது? பாதி வீடியோக்களில் இதைச் சொல்வதே இல்லை. இடமிருந்து வலம் என்கிறார் ஒருவர், டிரைவர் பக்கமிருந்து என்கிறார் இன்னொருவர், வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கிறோமா உள்ளே உட்கார்ந்தா என்பதிலேயே இடமும் வலமும் மாறிவிடும். அதனால் இடம் வலத்தை மறந்துவிடுங்கள். பெல்ட்டும் டைமிங் செயினும் இருக்கும் பக்கம்தான் ஒன்று, கியர் பாக்ஸ் பக்கம் நான்கு. ஏசி, ஆல்டர்னேட்டரைச் சுற்றும் ரப்பர் பெல்ட் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அங்கிருந்து எண்ணுங்கள். ஸ்விஃப்டில் அது டிரைவர் பக்கம். இரண்டையும் மூன்றையும் குழப்பிக்கொண்டால் கடைசியில் நல்ல காயிலைக் கழற்றிவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவிடுவீர்கள். நான் ஒரு மார்க்கர் எடுத்து காயில் மேலேயே 1, 2, 3, 4 எழுதிவிட்டேன், நீங்களும் எழுதிவிடுங்கள்.

*பின்சேர்க்கை:* ஒரு வாசகர் தன் ரெனோ காரில் எல்லாம் மாறி வருகிறது என்று எழுதியிருந்தார். ஆமாம், ரெனோ, பிஜோ இன்ஜின்கள் பலவற்றில் கியர் பாக்ஸ் பக்கம்தான் ஒன்றாம் நம்பர். அந்த வண்டிக்காரர்கள் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

நான்காம் படி: காயிலை இடம் மாற்றுங்கள்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இக்னிஷன் ஆஃப். காயில் கனெக்டரில் சின்ன லாக் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு கனெக்டரைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பத்து வருட இன்ஜின் சூட்டில் அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், உடைந்தால் தனியாக லாக் கிடைக்காது. 10 நம்பர் போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பி மேலே தூக்குங்கள்.

இப்போது மூன்றாவது காயிலை இரண்டாவது இடத்திலும் இரண்டாவதை மூன்றாவது இடத்திலும் போடுங்கள். ஸ்கேனரில் கோட் எண்ணை அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்கள், டிராஃபிக்கில் நின்று நின்று போனால் நல்லது, பெங்களூரில் அதற்குப் பஞ்சமில்லை. திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். பி0302 என்று வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, காயில்தான் குற்றவாளி, ஒன்று மட்டும் வாங்கினால் போதும். மறுபடியும் பி0303 என்றே வந்தால் காயில் நல்லது, பிளக்குக்குப் போகலாம். மலிவு காயில் வேண்டாம், கம்பெனி காயிலே வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பிளக்

கழற்றுவதற்கு முன் பிளக் குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டோரம் வண்டி நிறுத்துபவர்கள் இதை விடவே கூடாது, அந்தத் தூசி சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும். பிளக்கின் அறுகோணத் தலை 14 மில்லியா 16 மில்லியா என்று பார்த்து, உள்ளே காந்தமோ ரப்பரோ வைத்த பிளக் சாக்கெட் வாங்குங்கள்.

முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்ல பிளக். கரிபோல் உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். வெள்ளையாக வெந்துபோயிருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது இன்ஜின் சூடு. எண்ணெய்ப் பசை முனையில் இருந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) அல்லது வால்வு சீல் போயிருக்கும். ஆனால் எண்ணெய் வெளியே, குழியிலேயே தேங்கியிருந்தால் பயப்படாதீர்கள், டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பேக்கிங் மாற்றினால் தீரும், இதற்குப் போய் இன்ஜின் ஓவர்ஹாலிங் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திரும்பப் போடும்போது கையால்தான் மரை ஏற்ற வேண்டும். பிளக் ஏறும் ஹெட் (சிலிண்டர்களின் மேல் பாகம்) அலுமினியம், கோணலாக ஏறினால் மரை போய்விடும். புது பிளக் என்றால் வாஷர் தொட்ட இடத்திலிருந்து, 14 மில்லி மரைக்கு அரைச் சுற்று, 12 மில்லி மரைக்கு மூன்றில் ஒரு சுற்று. அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம்.

பிளக்கையும் இடம் மாற்றிப் பார்த்தாயிற்று, கோட் எண் நகரவில்லை என்றால் மிச்சம் இருப்பது இன்ஜெக்டரும் (பெட்ரோலைப் பீய்ச்சுவது) கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்). கம்ப்ரஷன் டெஸ்ட்டை மெக்கானிக்கிடம் விடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்கில் குறைந்த எண் அதிக எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்: எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் பேக்கிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு. மேனுவலில் இருக்கும் எண்ணைவிட நான்கிலும் ஒரே அளவு குறைந்து வந்தால் அது ஊரின் கணக்கு, இன்ஜினின் கணக்கு இல்லை.

அதே உயரத்தால் தண்ணீரும் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் சென்னையைவிட இங்கே சீக்கிரம் பொங்கும். போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும், டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும்தான். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள்.

பி0300 வந்தவர்களுக்கு

எல்லா சிலிண்டரும் மாறி மாறி மிஸ் ஆனால் பொதுவான காரணத்தைத் தேடுங்கள்: அழுக்கான த்ராட்டில் பாடி, விரிசல் விட்ட வேக்குவம் குழாய், பலவீனமான பெட்ரோல் பம்ப். ஐடிலிங்கில் மோசம், ரேஸ் செய்தால் சரியாகிறது என்றால் குழாய் லீக். ஐடிலிங்கில் பரவாயில்லை, மேடேறினால் மிஸ் ஆகிறது என்றால் பம்ப், அல்லது நான்கு பிளக்குமே தேய்ந்துவிட்டது.

வாசகர்கள் கேட்டதிலிருந்து

வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாளே மிஸ்ஸிங் என்று இரண்டு பேர். பானெட்டுக்குள் பிரஷர் தண்ணீர் அடித்தால் பிளக் குழியில் தேங்கும். காயிலைக் கழற்றித் துணியால் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள், பெரும்பாலும் அதோடு சரி.

பழைய வண்டியில் நான்கு காயில் இல்லை, ஒரே பெட்டியும் நான்கு பிளக் ஒயரும்தான் என்றால், 1-4 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி. ஜோடி இரண்டும் சேர்ந்து மிஸ் ஆனால் காயில். ஒன்று மட்டும் என்றால் முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

சிஎன்ஜி போட்டவர்கள்: கேஸைப் பற்றவைக்கப் பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவை, பிளக் இடைவெளி கொஞ்சம் அகன்றாலும் முதலில் கேஸில்தான் தெரியும். சிஎன்ஜியில் மிஸ் ஆகி, பெட்ரோலுக்கு மாற்றியதும் சரியாகிறது என்றால் பிளக்கைப் பாருங்கள், கிட் போட்ட கடைக்கு அப்புறம் போகலாம்.