பழைய சைக்கடெலிக் ராக் கச்சேரிப் பதிவுகள்: கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் வாசித்த கச்சேரியை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் தேடிப் பாருங்கள். ஒன்றல்ல, பல பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்று மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து நேரே எடுத்தது (சவுண்ட்போர்டு), இன்னொன்று கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது (ஆடியன்ஸ் டேப்), மற்றொன்று இரண்டையும் சேர்த்துக் கலந்தது. புதிதாக வருபவர் கைக்கு அகப்பட்ட ஒன்றைத் தட்டி, பத்து நிமிடம் கேட்டுவிட்டு, அந்தக் காலத்து லைவ் பதிவுகள் எல்லாம் இப்படித்தான் இரைச்சலாக இருக்கும் என்று மூடிவிடுகிறார். எனக்கு அதில்தான் வருத்தம். எதிரொலிகளால் மயக்கும் இந்தச் சைக்கடெலிக் குழுக்கள் ஸ்டூடியோ ஆல்பத்தில் காட்டாத பாதியை மேடையில்தான் காட்டின. அது கெட்டுப்போகாமலும் இருக்கிறது. எந்த நாடா, எங்கே நின்று எடுத்தது, யார் யார் கை மாறி வந்தது என்று பார்க்காமல் கேட்பதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் வருகின்றன.

சவுண்ட்போர்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது

இதுதான் முதல் தவறு, அதிகம் பேர் செய்வதும் இதுதான். மிக்ஸரிலிருந்து வரும் ஒலி துல்லியமாக இருக்கும், கைதட்டல் தொந்தரவு இருக்காது, உண்மைதான். ஆனால் அந்த மிக்ஸ் நாடாவுக்காகச் செய்யப்பட்டதல்ல, அந்த அரங்கத்துக்காகச் செய்யப்பட்டது. சின்ன ஹாலில் கிதார் ஆம்ப்பின் சத்தமே சுவரை அதிர வைக்கும். அதை ஸ்பீக்கரில் மேலும் ஏற்றத் தேவையில்லை என்பதால் மிக்ஸரில் கிதார் குறைவாகவே வைக்கப்படும். குரலுக்கு வேறு வழியில்லை, அது முழுக்க மிக்ஸர் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் நாடாவில் குரல் முகத்தில் அறைகிற மாதிரி முன்னால் நிற்கும், கிதார் எங்கோ பின்கட்டில் வாசிப்பது போலக் கேட்கும். வாசித்தவர் மீது குற்றமில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பிரிட்டிஷ் குழுவான பிங்க் ஃபிளாய்ட் 1967 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் கில்லெனே சிர்க்கெல்ன் கிளப்பில் வாசித்தது பதிவாகியிருக்கிறது. குழுவின் ஆரம்பகாலப் பாடகரும் கிதார் கலைஞருமான சிட் பாரெட் காலத்து மேடை வாசிப்பு இவ்வளவு நன்றாகக் கிடைப்பது அபூர்வம். ஆனால் குரல் கிட்டத்தட்ட காதிலேயே விழாது. 2016இல் வந்த அவர்களின் ஆரம்ப ஆண்டுத் தொகுப்பில் அதை அப்படியே சேர்த்தார்கள், நல்லவேளை. குரல் இல்லையே என்று அதை ஒதுக்கினால், அந்த நால்வர் ஒருவரையொருவர் கேட்டு வாசித்த விதம் கைநழுவிப் போகும்.

கிரேட்ஃபுல் டெட்டின் 1974 பதிவுகளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் குரல் ஏன் தகரம் போலக் கேட்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. அந்த ஆண்டு அவர்கள் 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற பிரம்மாண்டமான ஸ்பீக்கர் சுவரைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வாசித்தார்கள். கேட்பவர்களுக்குப் போகும் அதே ஒலி, பாடுபவரின் மைக்கிலும் வந்து விழும், ஊளையிடும். அதைத் தடுக்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்கை ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர் துருவமாக (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி) இணைத்து வைத்தார்கள். சுவரிலிருந்து வரும் ஒலி இரண்டிலும் ஒரே அளவில் விழுவதால் ஒன்றையொன்று அழித்துவிடும். பாடகர் ஒரு மைக்கில் மட்டும் வாயை வைத்துப் பாடுவதால் குரல் மிஞ்சும். அருமையான யோசனைதான், ஆனால் குரலின் கீழ்ப்பகுதியும் கொஞ்சம் சேர்ந்தே அழிந்தது. மிக்ஸர் நாடாவில் அது அப்பட்டமாகத் தெரியும். இசையும் குரலும் அந்தச் சுவரிலிருந்தே வந்ததால், நல்ல இடத்தில் மைக் வைத்து எடுத்த ஆடியன்ஸ் டேப்பில் அந்த ஆண்டின் கச்சேரிகள் பல நேரம் இன்னும் முழுமையாகக் கேட்கும்.

ஆடியன்ஸ் டேப் என்றாலே மட்டம் என்ற எண்ணத்தையும் இதோடு விட்டுவிடலாம். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மைக் மில்லார்ட் என்றொருவர் இருந்தார். நாகாமிச்சி 550 ரெக்கார்டரையும் ஏகேஜி மைக்குகளையும் சக்கர நாற்காலியில் மறைத்து உள்ளே கொண்டுபோய்ப் பதிவு செய்தவர். 1975 ஏப்ரல் 26 அன்று பிங்க் ஃபிளாய்ட் அங்கே ஸ்போர்ட்ஸ் அரீனாவில் வாசித்ததை அவர் எடுத்த நாடா, அரங்கத்தின் காற்றையே அள்ளி வந்தது போல இருக்கும். கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரிலிருந்து பதிவு செய்பவர்களுக்கென்றே மிக்ஸருக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கியது. ஆக, ஆடியன்ஸ் டேப் என்ற பெயர் எதையும் சொல்லாது. மைக் எது, எங்கே வைத்தார்கள் என்பதுதான் சொல்லும்.

எத்தனையாவது பிரதி என்று பார்க்காதது

கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டு ஏற்றி வாங்கியவர்களுக்கு இது விளக்காமலே புரியும். ஒவ்வொரு பிரதிக்கும் 'உஸ்' என்ற இரைச்சல் ஒரு படி ஏறும், சிம்பலின் மினுமினுப்பு ஒரு படி இறங்கும். தி டோர்ஸ் 1967 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் மேட்ரிக்ஸ் கிளப்பில் வாசித்ததை, அந்தக் கிளப்பை நடத்திய பீட்டர் ஆப்ராம் பதிவு செய்தார். 2008இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தபோது பயன்பட்டது அசல் நாடா அல்ல, மூன்றாம் தலைமுறைப் பிரதி. 2023இல்தான் ஆப்ராமின் அசல் நாடாக்களிலிருந்தே வெளியீடு வந்தது. அதே இரவுகள், அதே வாசிப்பு. அதிகாரபூர்வ வெளியீடு என்பதாலேயே அதைவிட நல்லது கிடைக்காது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன பார்ட்டன் ஹால் கச்சேரியைப் பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அரங்கத்தின் மிக்ஸை அப்படியே எடுக்காமல் நாடாவுக்கென்றே தனியாகக் கலந்தவர் அவர். அதனால்தான் அவர் பெயரிலேயே அந்தப் பதிவுகளை அழைக்கிறார்கள். அவருடைய நாடாக்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்து, வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலம் போய், பல கைகளுக்குச் சிதறின. அவற்றிலிருந்து எடுத்த பிரதிகள் ரசிகர்களிடையே சுற்றின. 2017இல் முறையான வெளியீடு வந்தது. இவ்வளவு நல்ல மூலம் இருக்கும் ஒரு கச்சேரியை, எங்கிருந்து வந்தது என்றே எழுதாத ஒரு கோப்பில் கேட்டுவிட்டு மதிப்பிடுவது அந்த அம்மையாரின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம். பதிவோடு வரும் சிறு உரைக் கோப்பில் எந்த மைக், எந்த ரெக்கார்டர், எத்தனை பிரதி என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

வேகத்தைச் சரிபார்க்காதது

பழைய ரெக்கார்டர்கள் பேட்டரி இறங்கினால் மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிவானது, சரியான வேகத்தில் ஓட்டும்போது வேகமாகக் கேட்கும், பாடகர் சிறுபிள்ளைக் குரலில் பாடுவார். காது பழகாதவர் இதை 'மோசமான பதிவு' என்று மட்டும் உணர்வார், காரணம் பிடிபடாது. கூடவே ஒரு கருவியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தால் சுருதி விலகுவது தெரியும். இன்னொரு வழி மின்சாரத்தின் ரீங்காரம். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. அமெரிக்கக் கச்சேரியில் அது 62இல் நின்றால் நாடா சுமார் 3.3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் இது பாதிக்கும் மேல். பிறகு பிரதியெடுத்த இடத்தின் ரீங்காரமும் சேர்ந்திருக்கலாம் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், சுருதியையும் சேர்த்துப் பாருங்கள்.

படத்தைப் பார்த்துப் பழி போடுவது

ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைப் போட்டுப் பார்த்து, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லை, ஆகவே இது தரம் குறைத்துச் சுருக்கிய எம்பி3யை, தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக மாற்றிய போலி என்று அறிவித்துவிடுகிறார்கள். இருக்கலாம். கிரேட்ஃபுல் டெட்டின் சவுண்ட்போர்டு பதிவுகளை 2005 முதல் இன்டர்நெட் ஆர்க்கைவில் கேட்க மட்டுமே முடியும், இறக்கிக்கொள்ள முடியாது என்பதால் தளத்தில் ஓடுவதைப் பிடித்து மாற்றிச் சுற்றவிடுவதும் நடக்கிறது. ஆனால் எஃப்.எம். ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டேட் (DAT) என்ற டிஜிட்டல் நாடாவை நீண்ட நேரம் ஓடும் 32 கிலோஹெர்ட்ஸ் முறையில் பதிந்திருந்தால் 16க்கு மேல் எதுவும் இருக்கவே முடியாது. மூலம் எது என்று தெரியாமல் படத்தை மட்டும் பார்த்து நல்ல பதிவுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இரைச்சலைத் துடைத்தெடுப்பது

இப்போது கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாடாவின் இரைச்சல் போய்விடும். கூடவே சிம்பலின் வாலும், அரங்கத்தின் எதிரொலியும், கிதார் ஒலி மெல்ல மெல்ல அடங்கும் அந்த நீண்ட முடிவும் போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்கடியிலிருந்து வருவது போன்ற ஒலி. சைக்கடெலிக் இசைக்கு இது இரட்டை நஷ்டம், எக்கோவும் ரிவெர்பும்தானே அதன் பாதி உடம்பு. மெல்லிய இரைச்சலைக் காது சில நிமிடங்களில் மறந்துவிடும். தொலைந்த ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஹெட்ஃபோன் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 'பேர்' என்று அழைக்கப்பட்ட, கிரேட்ஃபுல் டெட்டின் ஒலிப் பொறியாளர் அவுஸ்லி ஸ்டான்லி 1968இல் கரௌசல் பால்ரூமில் ஜானிஸ் ஜாப்ளினின் பிக் பிரதர் குழுவைப் பதிவு செய்தபோது குரலையும் டிரம்ஸையும் ஒரு பக்கம், மற்ற கருவிகளை மறுபக்கம் வைத்தார். 2012இல் அது வெளிவந்தது. ஹெட்ஃபோனில் கேட்டால் தலையை இரண்டாகப் பிளந்தது போல இருக்கும். இரண்டு ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொன்னார் பேர். அப்படிக் கேட்டால் எல்லாம் ஒன்றுகூடி நிற்கும். ஸ்பீக்கர் இல்லாதவர்கள் போனில் இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், அக்கால லைவ் ஆல்பங்களோடு இந்த நாடாக்களை ஒப்பிடாதீர்கள். கிரேட்ஃபுல் டெட்டின் 1972 ஐரோப்பியப் பயண ஆல்பத்தில் குரல்களைப் பின்னர் ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். இடது, வலது என்ற இரண்டே தடத்தில் ஒரே இரவில் பதிவானதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 1969 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் ஃபில்மோர் வெஸ்டில் கிரேட்ஃபுல் டெட் வாசித்த நான்கு இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 16 தடத்தில் பதிவானவை, பின்னாளில் கலந்து வெளியிட்டவை, காதுக்கு எந்தச் சலுகையும் கேட்காதவை. அதன்பின் பார்ட்டன் ஹால். அதற்கும் பின், மில்லார்டின் பிங்க் ஃபிளாய்ட் நாடா.