ஜூன் 27 இரவு: கிறிஸ் ஸ்கொயரைக் கேட்கும் முறை

ஜூன் 27 ராத்திரி நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. 2015இல் அந்தத் தேதியில்தான் 'யெஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் பேஸ் கிட்டார் (கீழ்ச் சுரங்களுக்கான கிட்டார்) வாசித்த கிறிஸ் ஸ்கொயர் ரத்தப் புற்றுநோயால் காலமானார். வயது 67. 1968இல் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் இருந்தவரை வந்த எல்லா ஸ்டுடியோ ஆல்பங்களிலும் வாசித்தவர் அவர் ஒருவர்தான். அவரை நினைத்துக்கொள்ள நல்ல வழி, அவர் பேஸை மட்டும் பிரித்துக் கேட்பது. அதற்குக் காதைக் கொஞ்சம் பழக்க வேண்டும்.

போன் ஸ்பீக்கர் வேண்டாம், கீழ்ச் சுரங்கள் பாதி காணாமல் போய்விடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கீழ்ச் சுரங்களைக் கூட்டிக் கொடுக்கும் பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள். பேஸைக் கேட்க உட்கார்ந்துவிட்டு அதையே குறைப்பதா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. ஸ்கொயர் விரலால் அல்ல, பிளெக்ட்ரம் என்ற சின்னத் தகட்டைப் பிடித்து வாசித்தவர். தன் ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டாரின் ஒலியை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புவார். அடியில் கனம், மேலே கம்பி அதிரும் கரகரப்பு. இரண்டும் சேர்ந்ததுதான் அவர் நாதம். பூஸ்ட் போட்டால் கனம் ஊதிப்போய், கரகரப்பு அமுங்கிவிடும்.

சரி, இப்போது 1971இல் வந்த 'ஃப்ராஜைல்' ஆல்பத்தின் 'ரவுண்டபவுட்'. ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். இரண்டாம் முறை பாடுபவரை விட்டுவிட்டு, பேஸ் நுழையும் இடத்திலிருந்து அதை மட்டும் பிடித்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுங்கள். நழுவினால் பத்து நொடி பின்னால் போங்கள். முணுமுணுக்க முடிவதே அதிசயம்தான், அது தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல் இன்னொரு பாட்டாக ஓடுகிறது. சின்ன வயதில் லண்டன் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர் அவர். அந்தப் பழக்கம் விரலில் இறங்கியது என்றே நான் நம்புகிறேன்.

அடுத்து அதே ஆல்பத்தில் 'த ஃபிஷ்'. ஃபிஷ் என்பது அவர் பட்டப்பெயர், மணிக்கணக்கில் குளிப்பாராம். என் மகளுக்கு இதைப் போட்டுக் காட்டியபோது, "கிட்டார் யாருப்பா?" என்றாள். கிட்டாரே இல்லை. கிட்டார் போலக் கேட்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பேஸ்கள்தான். திரும்பப் போடச் சொல்லி, விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள்.

கடைசியாக 'ஆன்வர்ட்'. 1978இல் அவரே எழுதியது. அவர் போனபின் நடந்த முதல் கச்சேரியில் மேடையில் அவர் பேஸ் கிட்டாரை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்தி, இந்தப் பாட்டை ஒலிக்கவிட்டார்கள். ஆட்டோபிளேயை முன்னாடியே அணைத்து வையுங்கள். போன வருடம் மறந்துவிட்டேன். கடைசிச் சுரம் அடங்கும் முன்பே ஏதோ விளம்பரம் கத்தியது. மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.