கடலைச் சட்னிக்குப் பூண்டை எப்போது தட்ட வேண்டும்?

மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போகும் நிலக்கடலைச் சட்னியில் பச்சைப் பூண்டைத் தட்டி 10 நிமிடம் அப்படியே விட்டு, அதன் பிறகுதான் புளி சேர்த்து அரைக்க வேண்டும். பூண்டை வதக்கவே கூடாது.

முழுப் பூண்டில் அல்லிசின் என்ற, கிருமியைத் தளர்த்தும் பொருள் இருப்பதில்லை. நசுக்கும்போதுதான் பூண்டின் செல்கள் உடைந்து, அல்லினேஸ் என்ற நொதி அதை உண்டாக்குகிறது. இந்த அல்லிசின் பாக்டீரியாக்களின் நொதிகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். வெப்பம் பட்டாலும் அதிகப் புளிப்பு பட்டாலும் அல்லினேஸ் செயலிழந்துவிடும், அதனால்தான் இந்த வரிசை முக்கியம். அப்புறம் சேரும் புளிக்கும் தனி வேலை உண்டு: சட்னியின் புளிப்பு கூடக்கூடக் கிருமிகள் பெருகுவது மந்தமாகும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நல்ல புளிக்குக் குறைவே இல்லை, தாராளமாகவே சேர்க்கலாம்.

இது கிருமியைத் தளர்த்தும், முழுதாக ஒழிக்காது. எனவே சித்திரை வெயிலில் நாள் முழுக்க வெளியே வைக்க இதை நம்ப வேண்டாம். தேங்காய் சேர்த்த சட்னி என்றால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். வாடை மாறிய சட்னியைப் பூண்டு போட்டுத் தேற்ற முடியாது. சில கிருமிகள் விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. முக்கியமாக, பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம், அது உயிருக்கே ஆபத்து.